நெவேயா என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். கணவர் நுவரெலியாவில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறார். முந்தின வருஷம் எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இப்போது பெண் பிள்ளை பிறந்து 17 நாள். அனுஷ நட்சத்திரம், ந, நி, நு, நே எழுத்துகளில் வைக்கச் சொல்லி ஐயர் எழுதிக் கொடுத்தார். டோஹாவில் இருக்கும் என் அக்கா ‘நெவேயா’ என்று ஒரு பெயர் அனுப்பினாள். ஆங்கிலத்தில் சொர்க்கம் என்ற சொல்லைத் திருப்பி எழுதினால் அந்தப் பெயர் வருமாம். கேட்டதிலிருந்து எனக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. அத்தை ‘இது என்ன, கிரீம் பேரா?’ என்கிறார். அவருடைய அம்மா பெயரான நாகம்மாவைத்தான் வைக்க வேண்டுமாம். சித்தப்பா ஒருவர், சொர்க்கத்தைத் திருப்பினால் நரகம்தானே என்று சொல்லி என்னை அழ வைத்துவிட்டார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வைக்கலாமா? வைத்த பிறகு மாற்றுவது கஷ்டமா?
(பெயர் வெளியிட வேண்டாம், லிந்துலை)

பதில்: மகள், முதலில் அந்தச் சித்தப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். எழுத்தைத் திருப்பினால் எழுத்துத்தான் திரும்பும், பொருள் திரும்பாது. ராதாவைத் திருப்பினால் தாரா வரும். தாரா என்றால் நட்சத்திரம், அது ராதாவுக்கு எந்த வகையிலும் எதிரி இல்லை. (நம் பக்கம் தாரா என்றால் வாத்தும்தான், சிங்களத்திலும் அதேதான். அதைப் பிறகு பார்ப்போம்.) திருஞானசம்பந்தர் முன்னால் இருந்து வாசித்தாலும் பின்னால் இருந்து வாசித்தாலும் ஒரே மாதிரி வரும்படி மாலைமாற்று என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார், ‘யாமாமாநீ’ என்று தொடங்கும், அது தேவாரத்துக்குள்தான் இருக்கிறது. சொல்லைப் புரட்டிப் பார்ப்பது நமக்குப் பழைய விளையாட்டு. அடுத்த முறை சித்தப்பா வந்தால் விகடகவியைத் திருப்பிச் சொல்லச் சொல்லி உட்கார வையுங்கள்.

சரி, பெயரின் கதை. பிறந்த இடம் அமெரிக்கா. அவர்கள் சொர்க்கத்தை எச், ஈ, ஏ, வி, ஈ, என் என்று ஆறு எழுத்தில் எழுதுவார்கள். கடைசியிலிருந்து தொடங்கினால் என், ஈ, வி, ஏ, ஈ, எச். வாயில் வருவது ஏறக்குறைய ‘நவேயா’, நடுவில் உள்ள ‘வே’யை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்று ஒரு திணைக்களம், எந்தப் பெயர் எத்தனை குழந்தைக்கு வைக்கப்பட்டது என்று வருஷா வருஷம் கணக்கு வெளியிடும். 26 வருஷம் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவாளராக இருந்தவன் நான், இப்படி ஒரு கணக்கைக் கண்டால் விடுவேனா? 1999இல் அந்தக் கணக்கில் இந்தப் பெயரில் இருந்த குழந்தைகள் வெறும் 8 பேர். 2000இல் பி.ஓ.டி. என்ற ராக் குழுவின் பாடகர் சானி சாண்டோவல், பிரபலங்களின் வீடுகளைச் சுற்றிக் காட்டும் எம்டிவி நிகழ்ச்சி ஒன்றில் தன் கைக்குழந்தையைக் காட்டி, பெயரையும் அதில் உள்ள சூட்சுமத்தையும் சொன்னார். அடுத்த வருஷமே 266ஆவது இடம். 2005இல் 4,457 குழந்தைகள், 70ஆவது இடம். 2010இல் 25ஆவது இடம். ஒருவர் டிவியில் சொன்ன ஒரு வசனம், பத்து வருஷத்தில் நாடு முழுக்கப் பாலர் வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டது.

ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை முக்கியமான காரணம் காதுதான். மாயா, ஈவா, ஏவா என்று அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய ஓசை, கடைசியில் ‘ஆ’, நடுவில் ‘வ’. பெயர் புதிது, ஓசை பழையது. இப்படி அமைந்த பெயர் எந்த ஊரிலும் ஓடும். அப்புறம், அதில் பக்தி இருக்கிறது, ஆனால் பைபிளில் உள்ள பெயர் இல்லை, அதனால் கோயிலுக்குப் போகிறவருக்கும் பிடிக்கும், போகாதவருக்கும் பிடிக்கும். அதோடு பெயரைக் கேட்பவரிடம் சொல்ல ஒரு விடுகதை கையில் இருக்கிறது. இதே மாதிரி ஜேம்ஸைத் திருப்பி ‘செமாஜ்’ என்று ஆண் பிள்ளைகளுக்கு வைப்பவர்களும் அங்கே உண்டு. ஒரு வேடிக்கை என்னவென்றால், எழுத்தைத் திருப்பிய இந்தப் பெயரில் ஏயையும் ஈயையும் இடம் மாற்றி எழுதியவர்கள் அங்கேயே ஏராளம், அந்தப் பிழை எழுத்தும் தனிப் பெயராகப் பட்டியலில் ஏறிவிட்டது. அப்படி எழுதியவர்களின் பிள்ளையைத் திருப்பி வாசித்தால் சொர்க்கம் வராது, பாவம்.

சொர்க்கத்தைப் பெயராக வைப்பது நமக்கும் புதிதில்லை. அமராவதி என்று உங்கள் பாட்டி காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்! அது இந்திரனுடைய ஊரின் பெயர், நேரடியான சொர்க்கம், திருப்ப வேண்டிய வேலையே இல்லை. கத்தோலிக்க வீடுகளில் விண்ணரசி. டிவியைப் பார்த்துப் பெயர் வைப்பதும் புதிதில்லை. நான் எழுதிய பதிவுப் புத்தகங்களைப் புரட்டினால் முன்பக்கங்களில் தாய்மார் பெயர் மாரியாயி, ராமாயி, பெருமாயி என்று இருக்கும், பிள்ளைகள் பெயர் சினிமாவில் இருந்து வந்திருக்கும். 83 கலவரத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நிரோஷா மாதிரி தமிழ், சிங்களம் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பெயர்களைத் தேடி வந்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1996இல் லாகூரில் அரவிந்த டி சில்வாவின் ஆட்டத்தில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற பிறகு எனக்கு வரிசையாக அரவிந்தன்கள். ஆகவே உங்கள் அக்கா செய்தது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை.

இப்போது எனக்குள்ள பிரச்சினைக்கு வருகிறேன். அத்தைக்குக் கிரீம் டப்பா நினைவுக்கு வந்தது போல, கடிதத்தில் ‘நெவேயா’ என்று வாசித்ததும் எனக்கு வேறொன்று கேட்டது. ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு தலவாக்கலை டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும் சிங்கள ஆட்கள் பேசுவதைக் கொஞ்சம் காதில் வாங்குங்கள். ‘மம நெவெய்.’ ‘ஏக நெவெய்.’ ‘எஹெம நெவெய்.’ நான் இல்லை, அது இல்லை, அப்படி இல்லை. சிங்களம் பேசும் ஒருவர் காலையில் இருந்து இரவு வரை எத்தனையோ தரம் சொல்லும் சொல் அது, வேகமாகப் பேசும்போது இன்னும் சுருங்கி ‘நெவே’ என்றே வரும்.

பிள்ளைக்கு ஐந்து வயது என்று வையுங்கள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ் கேட்கிறார், ‘நம மொகக்த?’ பெயர் என்ன? பிள்ளை தெளிவாகச் சொல்கிறது, நெவேயா. மிஸ் சிரித்துக்கொண்டே, அது இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை, யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். அடுத்தது பஸ் சீசன் டிக்கட் எடுக்கும் இடத்தில், பிறகு அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கும் இடத்தில், பிறகு வேலைக்கான நேர்முகப் பரீட்சையில். பெயரைக் கேட்கும் ஒவ்வொரு தரமும் அவள் ‘இல்லை’ என்று பதில் சொல்வது போலக் கேட்கும். உங்கள் அக்கா வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினாள், நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், அழகாக இருந்தது. அக்காவுக்கும் உங்களுக்கும் சிங்களம் நன்றாகத் தெரிந்திருக்கும், ஆனால் ஆங்கில எழுத்தில் வந்ததால் யாருக்கும் தட்டுப்படவில்லை.

வாத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தாராவை மட்டும் விட்டுவிட்டீர்களே என்பீர்கள். தாரா என்ற பெயரில் தமிழிலும் சிங்களத்திலும் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள், ‘வாத்து’ என்று இரண்டாம் வகுப்பில் யாராவது கத்துவான், ஐந்தாம் வகுப்புக்குள் அவனுக்கே அலுத்துவிடும். எந்தப் பெயரிலும் தேடினால் ஒரு கேலி அகப்படும், அதற்குப் பயந்தால் பிள்ளைக்கு நம்பர்தான் போட வேண்டும். நெவேயாவில் எனக்குள்ள பயம் பள்ளிக்கூடத்துக் கேலி இல்லை. வளர்ந்த பிறகும் கந்தோர் கந்தோராக அந்தக் குழப்பம் கூடவே வரும், பழகிப்போகாது, ஏனென்றால் கேட்கிற ஆள் ஒவ்வொரு தரமும் புதிய ஆள்.

இன்னொன்று. உங்களைக் கவர்ந்தது அந்தத் திருப்புதல். அது ஆங்கில எழுத்துக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. தமிழில் நெவேயா என்று எழுதிவிட்டுத் திருப்பினால் யாவேநெ, அது எந்த லோகமும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் அமெரிக்கர் எழுதுவது போலவே எழுதினால், இங்கே யார் அதைச் சரியாக வாசிப்பார்? நெவா என்பார்கள், நெவே என்பார்கள் (திரும்பவும் ‘இல்லை’தான்), நிவேதாவைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று ஒரு நல்ல மனிதர் திருத்தியும் விடுவார். வாசிக்கத் தோதாக ஓசைப்படி எழுதினால் சொர்க்கம் காணாமல் போகும். கடல் தாண்டி இங்கே வந்து சேர்வது ஓசை மட்டும்தான், அந்த ஓசைக்கு இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது.

முதல் பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்தப் பெயர் ஏன் உங்களுக்கு ஒட்டிக்கொண்டது என்பது எனக்கு அந்த வரியில் புரிந்தது. அங்கே போனது திரும்பி வந்தது என்று நினைக்கத் தோன்றும், அதில் பிழையே இல்லை. நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். பெயருக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளையிடம் கேட்பார்கள், பிள்ளை உங்களிடம் கேட்பாள், அப்போது அக்காவோ அண்ணனோ ஒருவர் இருந்த கதையை நீங்கள் சொல்ல வேண்டி வரும். உங்களுக்கு மனம் வரும் நேரத்தில் அந்தக் கதையைச் சொன்னால் போதாதா, ரெஜிஸ்டரில் எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டுமா என்று கணவரோடு ஒரு இரவு பேசிப் பாருங்கள்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. நடுவில் உள்ள ‘வே’யை எடுத்துவிட்டு, முன்னால் உள்ள ‘நெ’யை நீட்டுங்கள். நேயா. ஐயர் எழுதிக் கொடுத்த அனுஷத்து ‘நே’ அப்படியே இருக்கிறது, அக்கா அனுப்பிய ஓசையிலும் முக்கால்வாசி இருக்கிறது. நேயம் என்றால் அன்பு, மனிதநேயம் என்று சொல்கிறோமே அந்த நேயம், சினேகா என்ற பெயருக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். பெயராகப் புதிது, சொல்லாகப் பழையது. சிங்களக் காதில் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டேன். வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து சொன்னால் அவர்களுக்கு அது ‘சொந்தக்காரர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ‘நம மொகக்த?’ என்று கேட்பவரிடம் சொந்தக்காரி என்று சொன்னால் என்ன நஷ்டம்? ஆங்கிலத்தில் என், ஈ, வை, ஏ, நாலே எழுத்து, பிழை விடுவதென்றால் தனியாக முயற்சி செய்ய வேண்டும். திருப்பிப் பார்க்கும் ஆசை இன்னும் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது, நேயாவைத் திருப்பினால் ‘யாநே’, காதில் யானே என்று விழும், பழைய தமிழில் ‘நானேதான்’ என்று பொருள். இல்லை இல்லை என்று சொல்லும் பெயரை விட்டுவிட்டு நானேதான் என்று சொல்லும் பெயருக்கு வந்திருக்கிறோம், தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு பரிசோதனை, இது மலைநாட்டுக்கு மட்டும். லயத்து வாசலில் நின்றுகொண்டு, கீழே பைப்படியில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவது போலப் பெயரை நீட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘ஆ’வில் முடியும் பெயர் பள்ளத்தைத் தாண்டிப் போகும், மெய்யெழுத்தில் முடிவது பாதி வழியில் விழுந்துவிடும். நேயா நன்றாகப் போகும். நாகம்மாவும் நன்றாகப் போகும், அத்தைக்காகச் சொல்கிறேன். மூச்சிரைக்க மலையேறுகிறவர் நெவேயாவைக் கூப்பிட்டால் அது கட்டாயம் நெவே ஆகிவிடும்.

மாற்றுவது கஷ்டமா என்று கேட்டீர்கள். பிறப்புப் பதிவில் பெயரைப் பிறகு சேர்க்கவும் மாற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, சின்னப் பிள்ளை என்றால் தாய் தகப்பன் விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்தில் கேட்டால் படிவம் தருவார்கள். ஆனால் அதற்குள் கிளினிக் கார்டு, முன்பள்ளி, பாடசாலை என்று பழைய பெயர் எத்தனை இடத்தில் ஏறியிருக்குமோ, அத்தனையும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர் என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், சாதாரண தரப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கும். யாழினி என்று வைத்த பிள்ளை சிங்களத்தில் யாலினி ஆகும், ஏனென்றால் அங்கே ‘ழ’ கிடையாது. கோபிகாவின் முதல் எழுத்தை ‘க’ மாதிரி எழுதுவதா, ‘கங்கை’யில் இரண்டாவதாக வரும் ‘க’ மாதிரி எழுதுவதா என்று எழுதும் ஆள்தான் தீர்மானிப்பார், தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நேயாவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதும் நான் அதைச் சொல்வதற்கு ஒரு காரணம்.

காகிதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களிடம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. இருந்தவர்களிடம் காகிதம் இல்லை, காகிதம் இருந்தவர்களில் பலருக்கு அதில் பெயர் வேறு மாதிரி இருந்தது. என் தகப்பனுக்கு மூன்று காகிதத்தில் மூன்று எழுத்து. அதனால் எந்தப் பெயரை வைத்தாலும், வீட்டிலேயே ஒரு தாளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி எழுத விடாதீர்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, தமிழில் பதியச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசியுங்கள், தகப்பன் பெயரையும் சேர்த்து. பின்னால் வரிசை நிற்கிறது என்று யாராவது முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அத்தை விஷயம். நாகம்மா என்ற பெயரை வேண்டாம் என்று தள்ளும்போது கொஞ்சம் பார்த்துத் தள்ளுங்கள். தோட்டத்தில் ‘பேர்’ என்றாலே ஒரு நாள் சம்பளம், கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். அந்த நாகம்மாவும் எத்தனை நாள் அரைப் பேரோடு மலையிறங்கி வந்தாரோ, அவருடைய பெயரை ஒரு இடத்திலாவது முழுசாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று மகளுக்கு இருக்கும். நானாக இருந்தால் நாகம்மாவை வீட்டுப் பேராக்கிவிடுவேன். அல்லது நேயா நாகம்மா என்று இரண்டையும் சேர்த்தே பதியுங்கள், கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் ‘ந’ வரிசை விட்டுப் போகவில்லை, ஐயரும் சந்தோஷப்படுவார்.

நாள் கணக்கு முக்கியம். பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு, கூடுதல் படிவம், கூடுதல் அத்தாட்சி, கூடுதல் பஸ் காசு. நீங்கள் எழுதும்போது 17 நாள், இந்தப் பதில் வரும்போது 25 ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் அந்த ஆஸ்பத்திரிக்குரிய பதிவாளரிடம்தான் போக வேண்டும், அவர்கள் தந்த துண்டை மறக்காதீர்கள். வருகிற கிழமையே போங்கள், மழை என்றால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், பிள்ளை வர வேண்டிய அவசியம் இல்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.